லாடம் கட்டிய கதை!

'லாடம் கட்டிடுவேன், ஜாக்கிரதை!' - தமிழ் சினிமா போலீஸ்காரர் லத்தியைத் தட்டிக்கொண்டே சொல்கிற வசனம். உள்ளங்காலில் அடி விழப்போகிறது என்று அர்த்தம்! அதே லாடம் ரோட்டில் கிடந்தால், பத்திரமாக எடுத்து வந்து வீட்டு நிலைப்படியில் அடித்து வைக்கிறவர்களும் உண்டு. கேட்டால், 'அதிர்ஷ்டம் சார்!' என்பார்கள். ஒரே இரும்பு... ஒரு பக்கம் வலி, இன்னொரு பக்கம் அதிர்ஷ்டம். லாடத்தின் வரலாறு முழுவதுமே இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடுகிறது!

1812-ம் ஆண்டு, நவம்பர் மாதம். ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்க் நகரிலிருந்து மேற்கே போகும் சாலை. மாஸ்கோவைப் பிடித்தும் பலனில்லாமல் ஊர் திரும்பிக்கொண்டிருக்கிறது நெப்போலியனின் படை. பல்லாயிரம் கால்கள் மிதித்து மிதித்து, சாலையில் விழுந்த பனி இறுகிக் கண்ணாடியாகிவிட்டது. சாதாரண மேடுதான். ஆனால், குதிரைகளால் ஏற முடியவில்லை. முன்னங்கால் வழுக்கி முட்டி போடுகின்றன, எழுகின்றன, மறுபடி விழுகின்றன. ஒரு கட்டத்துக்கு மேல் எழ முயற்சிப்பதையே விட்டுவிடுகின்றன. பீரங்கிகளுக்குக் கூடுதலாகக் குதிரைகளைப் பூட்டிப் பார்த்தார்கள். ஊஹூம்! பீரங்கிகளை வழியிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டியதாயிற்று. ஆனானப்பட்ட சக்கரவர்த்தியே சில இடங்களில் தடியை ஊன்றிக்கொண்டு நடந்துதான் போனார்.

இதில் ஒரு வேடிக்கை. நெப்போலியனின் சொந்த லாயத்தைச் சேர்ந்த குதிரைகள் மட்டும் அதே சாலையில், அதே குளிரில், மற்றவற்றைப் போல விழாமல் நடந்தன!

காரணம், அர்மாண்ட் டி காலன்கூர். சக்கரவர்த்தியின் லாயத்துக்குத் தலைமை அதிகாரி. 1807-லிருந்து 1811 வரை ரஷ்யாவில் பிரெஞ்சுத் தூதராக இருந்தவர். அந்த ஊர்க் குளிர் என்ன செய்யும் என்பது அவருக்கு அத்துப்படி. முன்கூட்டியே யோசித்து, தன் பொறுப்பில் இருந்த குதிரைகளுக்கு மட்டும் பனிக்கான லாடத்தை அடிக்கச் சொல்லிவிட்டார். அடியில் கூரான இரும்பு முனைகள் வைத்த லாடம். மாஸ்கோவில் அக்டோபர் வெயில் இதமாக அடித்தபோது, ரஷ்யக் குளிரைப் பற்றி இவர் பயமுறுத்தியதைச் சொல்லிக் கிண்டலடித்தவர் நெப்போலியன். படையின் மற்ற குதிரைகளுக்கு இருந்ததெல்லாம் வழவழவென்று தேய்ந்துபோன கோடைக்கால லாடங்கள்!

'அந்த லாடத்தால்தான் நெப்போலியன் தோற்றார்' என்று முடித்துவிட்டால் சுவாரஸ்யமாக இருக்கும். ஆனால், அது உண்மையில்லை. பனி விழுவதற்கு வெகுமுன்பே, ஜூன் கடைசியில் அடித்த புயல்மழையிலும், பழுக்காத பயிரைத் தின்றும், பசியாலும் ஆயிரக்கணக்கான குதிரைகள் செத்துவிட்டன. டிசம்பர் 3-ம் தேதி வெளியிட்ட புகழ்பெற்ற 29-வது போர் அறிக்கையில், சில நாட்களில் 30,000 குதிரைகள் போய்விட்டதாகச் சொன்ன நெப்போலியன், பழியைக் குளிரின் மேல் போட்டார். காலன்கூர் தன் நினைவுக் குறிப்புகளில் அதை ஒப்புக்கொள்ளவில்லை. குளிரைவிட, பனிக்கேற்ற லாடம் இல்லாததுதான் பின்வாங்கும் வழியில் குதிரைகளைக் கொன்றது என்பது அவர் கட்சி. இன்னொரு விஷயம் - 'மார்ஷல்' என்ற பட்டத்தை நெப்போலியன் தன் தளபதிகளுக்கு வாரி வழங்கினார் அல்லவா? அந்த வார்த்தைக்கு ஆதி அர்த்தம் குதிரைக்காரன். லாடம் அடிப்பவருக்கு பிரெஞ்சு மொழியில் இன்றும் அதே பெயர்தான்! மார்ஷல்கள் ஏராளமாக இருந்த படையில், நிஜ 'மார்ஷல்'களுக்குத்தான் பஞ்சம்.

சரி, ஒரு குதிரையின் நடையை ஒரு துண்டு இரும்பு அந்த அளவுக்கு மாற்றிவிட முடியுமா? முடியும். ஏன் என்று பார்க்க, உங்கள் கையையே எடுத்துக்கொள்ளுங்கள். நடு விரலின் நுனியை மேஜை மேல் ஊன்றி, மற்ற விரல்களைத் தூக்கிவிடுங்கள். இப்போது உடம்பின் மொத்த பாரத்தையும் அந்த ஒற்றை விரல் நுனியில் இறக்கிப் பாருங்கள்... வேண்டாம், சும்மா கற்பனை செய்தால் போதும்! குதிரை இப்படித்தான் நிற்கிறது. அதன் ஆதி மூதாதைக்கு - சுமார் ஐந்தரைக் கோடி வருடங்களுக்கு முன்பு, நாய் சைஸில் - முன்னங்காலில் நான்கு விரல்கள், பின்னங்காலில் மூன்று. வேகமாக ஓட ஓட, மற்ற விரல்கள் மறைந்து நடு விரல் மட்டும் மிஞ்சியது. குதிரையின் முன்னங்கால் 'முட்டி' என்று நாம் நினைப்பது நிஜத்தில் அதன் மணிக்கட்டு. அதற்குக் கீழே சதை கிடையாது. எலும்பும், கயிறு போன்ற தசைநாண்களும்தான். நுனியில் ஒரு பெரிய நகம். அதுதான் குளம்பு!

500 கிலோ எடையுள்ள குதிரையின் பாரத்தில் சுமார் 60 சதவிகிதத்தை முன்னங்கால்கள் இரண்டும் தாங்குகின்றன. அது நிற்கும்போது. நாலுகால் பாய்ச்சலில் ஒரு முன்னங்கால் தரையில் ஊன்றும் கணத்தில், மொத்த உடல் எடையைப்போல சுமார் இரண்டரை மடங்கு விசை அந்த ஒற்றை நகத்தின் மேல் இறங்குகிறது! அதற்காக இயற்கை ஒரு ஏற்பாடு செய்திருக்கிறது. குளம்பு கல் மாதிரி தெரிந்தாலும் கல் அல்ல. தரையில் ஊன்றும்போது அதன் பின்பகுதி லேசாக விரியும், எடுக்கும்போது சுருங்கும். அடியில் முக்கோணமாக ரப்பர் போன்ற ஒரு பகுதி இருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு ஏனோ 'ஃப்ராக்' - தவளை - என்று பெயர். அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்வதில் இதற்கும் பங்கு உண்டு.

நகம் என்றால் வளரும் இல்லையா? குளம்பு மாதத்துக்கு 6-லிருந்து 10 மில்லிமீட்டர் வரை வளர்கிறது. காட்டுக் குதிரைக்குக் கவலையில்லை. தினமும் மைல் கணக்கில் நடப்பதால் தானாகவே தேய்ந்துவிடும். லாயத்தில் கட்டிப்போட்ட குதிரைக்கு..? உளியையும் அரத்தையும் எடுத்துக்கொண்டு மனிதன்தான் வர வேண்டும். ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை சீவியாக வேண்டும். விடுங்கள், கொஞ்சம் வளர்ந்தால் என்ன குடி முழுகிவிடும் என்கிறீர்களா? அளவு பெரிய ஹவாய் செருப்பைப் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறிப் பாருங்கள். முன்பக்கம் நீண்டிருக்கும் அந்த ஒரு அங்குலம் உங்கள் மொத்த நடையையும் மாற்றிவிடும்! குதிரைக்கும் அதேதான். குளம்பின் முன்நுனி நீண்டுவிட்டால், காலைத் தரையிலிருந்து எடுப்பது ஒரு கணம் தாமதமாகிறது. அந்த ஒரு கணத்தில், பின்பக்கத் தசைநாண் விண்ணென்று இழுபடுகிறது. முன்னங்கால் எழுவதற்குள் பின்னங்கால் வந்து அதன் லாடத்தில் மோதும். ஓடும் குதிரையிடமிருந்து 'டிக்... டிக்...' என்று இரும்பு சத்தம் கேட்டால், அனுபவசாலிகள் முதலில் பார்ப்பது முன்னங்கால் நுனியைத்தான். ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் சீவினாலோ, கால் ஓரமாக இறங்கும். மூட்டு ஒருபுறமாக அழுந்தும்.

லாடமே இல்லாமல் மனிதன் பல நூற்றாண்டுகள் குதிரை ஓட்டியிருக்கிறான் என்பதுதான் ஆச்சரியம்! கி.மு. 4-ம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார் கிரேக்கத் தளபதி ஸெனஃபோன். குதிரை வாங்கும்போது முதலில் காலைப் பார் என்கிறார் அவர். முகத்தை அல்ல! நல்ல குளம்பு தரையில் படும்போது ஜால்ரா மாதிரி ஒலிக்குமாம். லாயத்துக்கு வெளியே நாலைந்து வண்டி உருண்டைக் கற்களைக் கொட்டி, குதிரையை அதன் மேல் நிற்க வைத்தால் குளம்பு உறுதியாகும் என்பதும் அவர் யோசனை. லாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஏனென்றால், அப்படி ஒரு பொருளே அங்கே கிடையாது.

கிரேக்க நாட்டுக் காய்ந்த தரைக்கு அது சரி. ஈரமான வட ஐரோப்பாவில் குளம்பு ஊறி மெத்தென்று ஆகிவிடும். கல் பாவிய ரோமானியச் சாலையிலோ சீக்கிரம் தேய்ந்துவிடும். ரோமானியர்கள் இரும்பில் ஒரு 'செருப்பு' செய்து வாரால் கட்டினார்கள். ஜப்பானியர்கள் வைக்கோலில் செருப்பு முடைந்து மாட்டினார்கள். வழியில் பிய்ந்துபோனால் வேறு ஜோடி! பிறை வடிவ இரும்பை ஆணியால் குளம்பிலேயே அடித்துவிடும் பழக்கம் கி.பி. 900-ஐ ஒட்டி, பைசாந்தியப் பேரரசர் ஆறாம் லியோவின் போர்க்கலை நூலில் தெளிவாகக் குறிப்பிடப்படுகிறது. அடுத்த இரண்டு, மூன்று நூற்றாண்டுகளில் ஐரோப்பா முழுக்க ஊருக்கு ஊர் லாடம் அடிக்கும் கொல்லர்கள் வந்துவிட்டார்கள். ஆணி அடித்தால் வலிக்காதா என்று கேட்காதீர்கள். நம் நகத்தின் வெளிநுனியை வெட்டினால் வலிக்கிறதா? அதே மாதிரிதான். ஆனால், ஆணி கொஞ்சம் உள்ளே சாய்ந்துவிட்டால்... நகக்கண்ணில் ஊசி!

அந்தக் காலத்தில் குதிரைக்கு வைத்தியம் பார்ப்பவரும் லாடம் அடிப்பவரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். அந்த ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம்ம பாண்டிய நாடே சாட்சி. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். ஹோர்முஸ், ஏடன் போன்ற துறைமுகங்களிலிருந்து ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் குதிரைகள் கடல் தாண்டி வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் கொள்ளை விலை. ஆனால், வருட முடிவில் அவற்றில் மிகச் சிலதான் மிஞ்சுகின்றன! பராமரிக்கத் தெரிந்த ஆள் இங்கே இல்லை, தீனியும் சரியில்லை. குதிரை வியாபாரிகள் தங்களோடு குதிரை வைத்தியர் யாரையும் அழைத்து வருவதில்லையாம். அதோடு நிற்காமல், வேறு யாரும் வந்துவிடாமலும் பார்த்துக்கொள்வார்களாம். குதிரை சாகச் சாகத்தானே அடுத்த வருஷம் வியாபாரம்! ஏழு நூற்றாண்டுக்கு முன்பே என்ன ஒரு மார்க்கெட்டிங் மூளை, பாருங்கள்.

ஐரோப்பாவில் கொல்லருக்குப் பஞ்சமில்லை. அங்கே வந்தது வேறு வம்பு. கொல்லர்கள் அளவுக்கு மீறி வேலை செய்தார்கள்! குளம்பின் அடிப்பகுதியையும் 'தவளை'யையும் அழகாக இருக்க வேண்டும் என்று சீவித் தள்ளிவிட்டு, கனமான நீண்ட லாடத்தை அடித்தார்கள். புதுச் செருப்பு பளபளவென்று இருந்தது. குதிரைதான் நொண்டியது. நொண்டினால் இன்னும் கொஞ்சம் சீவி, இன்னும் கனமான லாடம்!

'நிறுத்துங்கள்' என்று குரல் கொடுத்தவர், பிரெஞ்சு அரச லாயத்தில் லாடம் அடித்த லாஃபோஸ் என்பவர். படித்துவிட்டுப் பேசிய பண்டிதர் அல்ல, கையில் சுத்தியல் பிடித்தவர். செத்த குதிரைகளின் கால்களை அறுத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தார். 1750-களில் எழுதவும் செய்தார். அடிப்பகுதியைச் சீவாதே, தவளை தரையைத் தொட வேண்டும், லாடம் மெலிதாக, குட்டையாக இருக்கட்டும், குதிகாலை விட்டுவிடு - இதுதான் அவர் சொன்னதன் சாரம். தொழில் செய்தவர்களில் பலர் மாறவில்லை. 'எங்க அப்பா காலத்திலேருந்து இப்படித்தான்' என்ற பதில் எல்லா மொழியிலும் உண்டு போலிருக்கிறது!

லண்டனில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1791-ல் தொடங்கியது. அதன் ஆரம்ப கால மாணவர்களில் ஒருவர் ப்ரேஸி கிளார்க். அவர் செய்தது எளிமையான காரியம். ஒரு இளம் குதிரைக்கு லாடம் அடிக்கும் முன்பு அதன் குளம்பை அச்செடுத்தார். பிறகு லாடத்தோடு அது வேலை செய்த வருடங்களிலும் அச்செடுத்துக்கொண்டே வந்தார். அச்சுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால்... வட்டமாக இருந்த குளம்பு வருஷத்துக்கு வருஷம் ஒடுங்கிக்கொண்டே வந்திருந்தது! விரிந்து சுருங்க வேண்டிய ஒன்றை இரும்பு வளையத்தில் ஆணி அடித்துப் பூட்டிவிட்டால், வேறென்ன ஆகும்? 1809-ல் இதைப் புத்தகமாகப் போட்டார். நடுவில் கீல் வைத்து, குளம்போடு சேர்ந்து விரியும் லாடம் ஒன்றையும் செய்து பார்த்தார். அது கடைகளில் எடுபடவில்லை. ஆனால், ஒரு பாடம் நிலைத்தது. ஆணியை முன்பாதியில் மட்டும் அடி, பின்பகுதிக்கு இடம் விடு!

ஓடும்போது கால் நிஜமாக என்ன செய்கிறது? மனிதக் கண்ணுக்கு அது தெரியாது, அவ்வளவு வேகம். எட்டியேன் ஜூல் மாரே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி குளம்பின் அடியிலேயே காற்றடைத்த ரப்பர் உருண்டையைப் பொருத்தினார். கால் ஊன்றும்போது ரப்பர் நசுங்கும். காற்று குழாய் வழியே மேலே போகும். குதிரை மேல் இருப்பவரின் கையில் உள்ள கருவியில் ஒரு முள் கோடு போடும். ஒவ்வொரு கால் எப்போது இறங்கியது, எப்போது எழுந்தது என்பதைக் குதிரையே 'கையெழுத்து' போட்டுக் கொடுத்தது! 1873-ல் அவர் புத்தகம் வெளியானது. ஐந்தே வருடத்தில், 1878 ஜூன் மாதம், கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் எட்வர்ட் மைப்ரிட்ஜ் 12 கேமராக்களை வரிசையாக வைத்து ஓடும் குதிரையைப் படம் பிடித்தார். செலவு, கலிஃபோர்னியாவின் முன்னாள் கவர்னர் லேலண்ட் ஸ்டான்ஃபோர்டுடையது. நான்கு கால்களும் தரையை விட்டு எழும் கணம் நிஜம் என்று தெரிந்தது. ஆனால், ஓவியர்கள் வரைந்த மாதிரி கால்களை நீட்டிக்கொண்டு அல்ல. நான்கையும் வயிற்றுக்கு அடியில் மடக்கிக்கொண்டு! சினிமாவின் வம்சாவளியில் இந்தப் படங்களுக்கும் இடம் உண்டு.

நடையைப் பார்க்க முடிந்தது. நடையை 'தயாரிக்கவும்' முடியும் என்பதை அதற்கு முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். நீளமான கம்பின் நுனியில் ஒரு எடையைக் கட்டிச் சுழற்றிப் பாருங்கள், எவ்வளவு இழுக்கிறது! காலின் நுனியில் சேரும் சில நூறு கிராம் இரும்பும் அப்படித்தான். காலை அது இன்னும் மேலே தூக்க வைக்கும், முட்டியை அதிகம் மடக்க வைக்கும். அமெரிக்க வண்டிப் பந்தயங்களில் துள்ளு நடையைத் தக்கவைக்க, குளம்பின் முன்பக்கம் சின்ன எடைகளை மாட்டினார்கள். 20-ம் நூற்றாண்டில் இது விபரீதமானது. டென்னஸ்ஸி வாக்கிங் ஹார்ஸ் என்ற இனம், இயல்பிலேயே மிதந்து போகிற மாதிரி நடக்கும். அது போதவில்லை, முன்னங்கால் மார்பு வரைக்கும் எழ வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள் கண்காட்சிக்காரர்கள். குளம்புக்கு அடியில் அடுக்கடுக்காகத் தட்டைகள், கணுக்காலில் சங்கிலி, அதுவும் போதாமல் தோலைப் பொசுக்கும் ரசாயனம்! தரையில் கால் வைத்தால் வலிக்கும். எனவே, குதிரை 'விறுக்'கென்று காலை உயர்த்தும். கூட்டம் கை தட்டும். புண்ணாக்கி நடக்க வைக்கும் இந்தக் கொடுமையைத் தடுக்க 1970-ல் அமெரிக்கா சட்டம் போட்டது. அதன் பிறகும் பல பத்தாண்டுகள் இது ஓயவில்லை. நம் போலீஸ்காரர் சொல்லும் 'லாடம் கட்டுவது'க்கும் இதற்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்கள்!

அப்படியானால் லாடமே வேண்டாமா? 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், தடை தாண்டும் குதிரைப் போட்டியில் குழுத் தங்கம் வென்றது ஸ்வீடன். மூன்று குதிரைகளில் 'ஆல் இன்', 'கிங் எட்வர்ட்' இரண்டும் லாடம் இல்லாமல், வெறும் குளம்போடு தாவியவை! அதிவேக கேமராவும் அழுத்தமானிகளும் வைத்துச் செய்த ஆராய்ச்சிகளும், இரும்பு லாடம் அடித்த கால் தரையில் இறங்கும்போது அதிர்வு அதிகம் என்றே காட்டுகின்றன. ஆனால், டோக்கியோவில் இருந்தது பதமாகத் தயார் செய்த மணல் தரை. ஸ்மோலென்ஸ்க் சாலையில் அதே குதிரைகளை நிறுத்தினால் கதை மாறிவிடும். தரை, வேலை, எடை, குளம்பின் அமைப்பு... எல்லாம் சேர்ந்துதான் பதில் சொல்ல வேண்டும். 'எல்லாக் குதிரைக்கும் இதுதான்' என்றவர்கள் கையில்தான் குதிரைகள் நொண்டின.

அதனால்தான், தொழில் தெரிந்த லாடக்காரர் வந்தவுடன் காலைத் தூக்க மாட்டார். உளி, அரம், சுத்தியல் எல்லாம் பையிலேயே இருக்கும். 'கொஞ்சம் நடத்திக் காட்டுங்க' என்பார். குதிரை போகும்போது பின்னாலிருந்து ஒரு தடவை, வரும்போது முன்னாலிருந்து ஒரு தடவை, பக்கவாட்டில் ஒரு தடவை... கண் குளம்பை விட்டு நகராது. காதும் திறந்தே இருக்கும், நாலு காலும் ஒரே மாதிரி ஒலிக்கிறதா என்று. அப்புறம்தான் பையைத் திறப்பார்.

ஸெனஃபோன் கேட்ட அதே ஜால்ரா சத்தம்தான்!